சுவருக்குள் வரும் தண்ணீர் யார் பொறுப்பு?

பெஸ்தாரி ஜெயாவிலோ ஈஜோக்கிலோ வாடகை வீட்டுச் சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருப்பதாக வீட்டு உரிமையாளரிடம் சொன்னால், "நம் நாட்டுச் சீதோஷ்ணம் அப்படி" என்ற பதில் வரும். இல்லையென்றால் "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்பார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால் கேட்டவர் மேற்கொண்டு பேச முடியாமல் திரும்பிவிடுகிறார். கடையில் ஒரு டின் சாயம் வாங்கிக் கறையை மறைக்கிறார். அடுத்த மழைக்காலத்தில் அது அதே இடத்தில் திரும்ப வருகிறது. வட சிலாங்கூரில் வீட்டுப் பூஞ்சைக்குப் பெரும்பாலும் காரணம் கட்டடத்துக்குள் புகும் தண்ணீர்தான். அது எங்கிருந்து புகுகிறது என்பதைச் சோதித்து அறியலாம். அறிந்துவிட்டால், செப்பனிட வேண்டியவர் யார் என்ற வழக்கும் பெரிதும் தீர்ந்துவிடும்.

பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதக்கின்றன. கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற இனங்களை எந்தக் கதவும் தடுக்க முடியாது. அவற்றுக்கு உணவாகச் சுவர்ச் சாயமும் தூசியும் பலகையும் போதும். வெப்பத்துக்கும் இங்கே குறைவில்லை. ஆகவே வித்து முளைக்குமா முளைக்காதா என்பதைத் தீர்மானிப்பது ஈரம் ஒன்றுதான். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் அது முளைக்கத் தொடங்கும். நம் கரையோரக் காற்றின் சராசரி ஈரப்பதமே ஏறத்தாழ அந்த அளவு. எல்லைக்கோட்டின் மேலேயே குடியிருக்கிறோம் என்பதால் ஓரிரு பாகை வேறுபாடுகூடப் பெரிதாகிவிடுகிறது. 28 பாகை செல்சியஸில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்று, 26 பாகைச் சுவரைத் தொட்டால் அங்கே ஈரப்பதம் 90 ஆகிவிடும். சுவர் 24 பாகைக்கு இறங்கினால் நீர்த்துளியே படியும். நனைந்த சுவரிலிருந்து நீர் ஆவியாகும்போது சுவர் தானாகவே குளிர்கிறது. அதாவது, உள்ளே புகுந்த தண்ணீர் சுவரை நனைப்பதோடு நிற்காமல், சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதத்தையும் உயர்த்துகிறது. ஒரே தாமானில், ஒரே வரிசையில், ஒரு வீட்டில் பூஞ்சையும் பக்கத்து வீட்டில் சுத்தமான சுவரும் இருப்பது இதனால்தான். சீதோஷ்ணம் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதானே.

கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை நிலம் தாழ்வானது. கரையோரம் களிமண், உள்ளே ராஜா மூசா பக்கம் கரிச்சதுப்பு. கரிமண்ணில் செம்பனை நட்ட தோட்டங்களில் நிலத்தடி நீரைத் தரைக்கு ஏறத்தாழ அரை மீட்டர் கீழே வைத்திருப்பதுதான் நடைமுறை. அப்படிப்பட்ட மண்ணில் அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் வைக்காமல் செங்கல் சுவர் எழுப்பினால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் சுவர் நீரை மேலே இழுக்கும். இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, நீர் காய்ந்த இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்து, காரை பொருக்குப் பொருக்காக உதிரும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சுவதால் மழையில்லாத நாளிலும் சுவர் நசநசக்கும். உலு சிலாங்கூரின் மேட்டுநிலத் தோட்டங்களில் சிக்கல் பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. பழைய லயத்து வீடுகளின் தகரக் கூரை இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் மழை இல்லாமலே உள்பக்கம் சொட்டும். ஆணித் துளை துருப்பிடித்து அகன்றால் மழையும் அதோடு சேரும். அடுக்குமாடிகளிலோ மேல்வீட்டுக் குளியலறைத் தரைதான் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம்.

இது அழகு பற்றிய குறையன்று. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுத்திணறல், ஆஸ்துமா, சுவாசத் தொற்று ஆகியவை கூடுதலாக இருப்பதை உறுதிப்படுத்தியது. காற்றில் இத்தனை வித்து வரை பரவாயில்லை என்று அது எல்லை எதுவும் வகுக்கவில்லை. ஈரத்தையே தடுக்கச் சொன்னது. கறுப்பு நிறம் என்றால் கொடிய நஞ்சு என்ற பயமும் தேவையில்லை, வெளுப்பாக இருப்பதால் நிம்மதியும் கூடாது. நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மலேசியாவில் வேலையிடங்களுக்கு 2010இலேயே உட்புறக் காற்றுத் தரத்துக்கான நடைமுறை விதி வந்துவிட்டது. ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு, ஒரு கன மீட்டர் காற்றில் வளரக்கூடிய பூஞ்சைத் துகள் 1,000க்குள் என்று அது சொல்கிறது. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் இருப்பவருக்கு இந்தக் கவனிப்பு. ஓதச் சுவரை ஒட்டிய பாயில் இரவெல்லாம் படுத்திருக்கும் குழந்தைக்கு அப்படி ஒரு விதியும் இல்லை.

பழியைக் குடியிருப்பவர் மேல் போடும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தின் ரொச்டேல் நகரம் சாட்சி. அங்கே பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்த இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். நீண்ட காலம் பூஞ்சைக்கு ஆட்பட்டதால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அவனுடைய தந்தை 2017 முதலே முறையிட்டிருந்தார். வீட்டை நிர்வகித்த அமைப்பினர் மேலே சாயம் பூசச் சொன்னார்கள், குடும்பத்தின் வாழ்க்கை முறையைக் குறை சொன்னார்கள். அவன் பெயரால் வந்த சட்டம் சமூக வீடமைப்பு நிறுவனங்களுக்கு 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கடுமையான ஈரமோ பூஞ்சையோ இருந்தால் 10 வேலை நாளுக்குள் ஆராய வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும். கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குளிர் நாட்டில் வெளிச்சுவர் சில்லிட்டிருக்கும். சமையல் ஆவியும் துணி உலர்த்தும் ஈரமும் அதில் படியும். குடும்பத்தின் பழக்கத்துக்கு அங்கே உண்மையிலேயே ஒரு பங்கு இருக்கக்கூடும். இங்கே உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒரே வெப்பம். அங்கேயே நிற்காத குற்றச்சாட்டு இங்கே நிற்பதற்கு இன்னும் குறைந்த இடமே உண்டு.

ஆனாலும் எல்லாப் பழியையும் உரிமையாளர் தலையில் கட்டுவது நேர்மையாகாது. ஓர் அறையில் ஏர்கோனை 20 பாகையில் விடிய விடிய ஓட்டினால் அந்த அறைச் சுவரின் மறுபக்கம் வியர்க்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அதன் பின்னால் காற்றோட்டம் நின்றுவிடும். இவை குடியிருப்பவர் மாற்றிக்கொள்ள வேண்டியவை. எது எதனால் என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. ஓர் அடி சதுர அலுமினியத் தாளைக் கறை உள்ள இடத்தில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் ஈரம் அறைக்காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவரே நீர் கக்குகிறது. அடிச்சுவரில் நேர்கோட்டில் உப்புப் பட்டை தெரிந்தால் நிலத்து ஓதம். கூரையடியில் பழுப்பு வளையம் தெரிந்தால் ஒழுக்கு. குழாய்க் கசிவு என்று ஐயமிருந்தால், படுக்கும்முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஆயர் சிலாங்கூர் மீட்டரின் எண்ணைக் குறித்து, காலையில் மீண்டும் பார்க்கலாம். யாரும் தண்ணீர் எடுக்காமலே எண் நகர்ந்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது. இவற்றைத் தேதி தெரியும் படங்களோடு எழுத்தில் அனுப்பும்போது, "சுவரில் பூஞ்சை" என்ற புலம்பல் "கூரையின் இந்த இடத்தில் ஒழுகுகிறது, அடைத்துத் தாருங்கள்" என்ற திட்டமான கோரிக்கையாகிவிடும். கேட்க வேண்டியதும் அதையே: முதலில் நீர்வழியை அடைப்பது, பிறகு சுவரைக் காய விடுவது, உப்பேறிய காரையைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசுவது, கடைசியில்தான் சாயம். வரிசையை மாற்றினால் செலவு இரட்டிப்பாகும்.

சட்டத்தில் விசித்திரமான ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. தோட்டப் பாட்டாளியின் வீட்டுக்கு 1966 முதலே தனிச் சட்டம் உண்டு; அதன் இடத்தில் வந்ததுதான் 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம். அது 2020 ஜூன் முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. தொழிலாளர் குடியிருப்பை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. தவறினால் தொழிலாளர் இலாகாவிடம் முறையிடலாம். ஆனால் இந்தக் கடமை வேலையோடு கட்டப்பட்டது. தோட்டம் கைமாறி வேலை போனபின், அதே லயத்தில் இருப்பவருக்கு அந்தப் பிடிமானம் தளர்ந்துவிடுகிறது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டங்களின் முன்னாள் பாட்டாளிகள் வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்ததை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் பட்டணத்தில் வாடகைக்குப் போனால் நிலைமை இன்னும் மெலிவு. வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. இப்போதைக்கு ஒப்பந்தத்தில் எழுதியதுதான் சட்டம். செப்பனிடும் பொறுப்பு யாருடையது என்ற வரியைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குவது அதனால் அவசியம். அடுக்குமாடியில் மட்டும் வழி கொஞ்சம் தெளிவு: 2015ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா விதிமுறைப்படி, மேல்தளக் கசிவு பற்றி அறிவிப்புக் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். மாற்றுச் சான்று இல்லாதவரை கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். உரிமையாளர் தம் பெயரில் ஒரு கடிதம் கொடுத்தால் இந்த வேலை தொடங்கிவிடும்.

முறையிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களே என்ற அச்சம் நியாயமானது. 1950ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டத்தின்படி நீதிமன்ற உத்தரவில்லாமல் பூட்டை மாற்றி வெளியேற்ற முடியாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுப்பதை அது தடுக்காது. கோபத்தில் வாடகையை நிறுத்துவதும் ஆபத்து. பாக்கிக்காக நீதிமன்ற ஆணை பெற்றுப் பொருள்களைக் கைப்பற்ற 1951ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளருக்கு இடம் தருகிறது. உரிமையாளரும் பலநேரம் வங்கிக் கடன் கட்டும் சாதாரண மனிதர்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் காங்கிரீட்டுக்குள் ஈரம் போனால் கம்பி துருப்பிடித்து உப்பி, கூரைத்தளம் பெயர்ந்து விழும். இன்று அடைக்காத துளைக்கு நாளை அவரே பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும். வாடகை குறைவு என்பதற்காகச் சிறிய அறையை ஏற்கலாம், ஒழுகும் கூரையை ஏற்க வேண்டியதில்லை. வாடகைச் சட்டம் வரும்போது, கசிவுக்கு ஸ்ட்ராட்டா விதிமுறையில் இருக்கும் நாள்கெடு அதிலும் இருக்க வேண்டும். அதுவரை 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் கையில் இருக்கிறது. சுகாதாரத்துக்குக் கேடான நிலையில் உள்ள வீட்டை அதன் 81ஆம் பிரிவு தொல்லை என்று வகுக்கிறது. 82ஆம் பிரிவு, அதைச் சரிசெய்யச் சொல்லி உள்ளூர் மன்றம் நோட்டீஸ் அனுப்ப வழி செய்கிறது. கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகங்கள் ஓதச் சுவருக்காக அந்த நோட்டீஸை அனுப்பப் புதிய அதிகாரம் எதுவும் தேவையில்லை.