மழையில் காய வேண்டிய ஏலக்காய்

மலையில் இத்தனை வெயில் இருக்க ஏலக்காய் காயவைக்க விறகு எதற்கு என்ற கேள்வி, தேனி மாவட்டத்துப் போடிப் பக்கம் வந்துபோகிற பலருக்கும் எழுவதுதான். 2015இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து பன்னாட்டு சூரியசக்திக் கூட்டணியைத் தொடங்கியபின் அதற்கு ஓர் அரசாங்க மிடுக்கும் சேர்ந்துகொண்டது. வெயில் கொட்டிக்கிடக்கிற நாடுகளுக்குச் சூரியத் தகட்டைக் கொடுத்தால் ஆற்றல் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். போடியை ஒட்டிய குரங்கணிக்கு மேலே உள்ள ஏலக்காய்ச் சரிவுகளில் இந்த வாதம் நிற்காது. காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை ஓடுகிறது; மும்முரமெல்லாம் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். பறித்த பச்சைக்காயில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உடனே காயத் தொடங்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பகலில் காய்ந்து இரவில் ஆறிப்போனால் நிறம் கெடும். நேர் வெயிலில் பரப்பினால் பச்சை வெளுத்துத் தோல் வெடிக்கும். ஏல மையத்தில் விலை கிடைப்பதோ அந்தப் பச்சைக்கு. ஆகவே 45 முதல் 55 டிகிரிக்குள், இரவு பகல் பாராமல், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் சீரான சூடு வேண்டும். காய் உலர்த்தும் கூடமான ஸ்டோரில் எரியும் விறகு அதைத் தருவதால்தான் இன்னும் எரிகிறது.

ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் தோராயமாக ஒரு கிலோ தேறும். வெளியேற வேண்டிய நான்கு கிலோ தண்ணீருக்கு, கிலோவுக்கு 2,400 கிலோஜூல் வீதம், 9,600 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் 2.7 யூனிட். உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15,000 கிலோஜூல் தரும். முக்கால் கிலோ விறகே போதும் என்று தோன்றும். புகைபோக்கியிலும் சுவரிலும் போகிற சூட்டால் உண்மையில் அதைப்போல் பல மடங்கு எரிகிறது. ஆனால் வியக்கவேண்டியது இந்த விரயம் அல்ல. அந்த 9,600 கிலோஜூலும் அழிந்துபோவதே இல்லை. ஆவி அதை மறைவெப்பமாக வைத்துக்கொண்டே போகிறது, மறுபடி நீராகும்போது முழுதாகத் திருப்பித் தருகிறது. நம் ஊர் மொய்யும் இப்படித்தான்: ஒரு வீட்டு விசேஷத்தில் எழுதியது, எழுதியவர் வீட்டில் விசேஷம் வரும்போது திரும்பும். விறகு ஸ்டோர் ஊரெல்லாம் மொய் எழுதிவிட்டுத் தன் வீட்டில் ஒரு விசேஷமும் வைக்காத குடும்பம். எழுதியதெல்லாம் கூரைத் திறப்பு வழியாக மலைக்காற்றோடு போய்விடுகிறது. ஹீட் பம்ப் எனப்படும் வெப்ப ஏற்றியோ அதே நாளில், அதே பந்தலில் விசேஷம் வைத்துவிடுகிறது. தட்டுகளைக் கடந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த சுருளில் படுகிறது. ஆவி அங்கே துளியாகி மொய்யைத் திருப்புகிறது. அந்தச் சூட்டை வாங்கி, வெப்பநிலையை உயர்த்தி, அடுத்த சுருளிடம் சேர்ப்பது கம்ப்ரசர். சூடேறிய அதே காற்று மறுபடி தட்டுகளுக்குப் போய் அடுத்த மொய்யை எழுதுகிறது. மின்சாரம் பந்தல் செலவுக்கு மட்டும். ஒரு யூனிட் செலவில் மூன்று யூனிட் சூடு நகர்ந்தால், காய்ந்த காய் கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவே; கதவிடுக்குக் கசிவையும் விசிறியையும் சேர்த்து இரண்டு யூனிட் என்றே வைத்துக்கொண்டாலும் விறகோடு ஒப்பிட அது சிறு தொகை.

1981 நைரோபி ஆற்றல் மாநாட்டிலிருந்து 2010இல் கான்குனில் உருவான தொழில்நுட்பப் பொறியமைவு வரை, தொழில்நுட்பம் கைமாறுவது பற்றிய நாடுகளின் வாதம் பெரும்பாலும் காப்புரிமையைச் சுற்றியே வருகிறது. வெப்ப ஏற்றியின் அடிப்படைக்கோ அப்படியொரு பூட்டே இல்லை: ஆவியின் வெப்பத்தை மீட்டு உப்பு காய்ச்சும் கருவியை ஆஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர் 1850களிலேயே செய்துபார்த்துவிட்டார். அதன் சுருளில் ஓடும் குளிரூட்டும் வாயுக்களின் காப்புரிமை உண்மையான தடைதான். ஆனால் அங்கேயும் ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்பாட்டின் பலதரப்பு நிதி, வளரும் நாடுகளின் ஆலைகள் மாறுவதற்கான கூடுதல் செலவை ஏற்றுக் காட்டியிருக்கிறது. பணம் வந்த இடத்தில் தொழில்நுட்பமும் வந்தது. யாருக்கு வந்தது என்பதும் முக்கியம். நூறாண்டுக்கு முன்பே இந்த மலைமேல் உள்ள டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை கம்பிவடத்தில் தொங்கி இறங்கிக் கொட்டகுடி வழியே போடிக்குப் போனது. அன்றைக்கு அது மிகப் புதிய பொறியியல். தோட்டக் கம்பெனியின் சரக்குக்காக வந்தது, அந்தச் சரக்கோடு முடிந்துபோனது.

மின்சாரம் நிலக்கரியில் இருந்துதானே வருகிறது என்பார்கள். உண்மை, நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மூன்று மடங்கு சூடு நகர்த்தும் எந்திரம் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். தவிர, தேனி மாவட்டத்துக் காற்றாலைகள் வேகமாகச் சுழல்வது ஆடிக்காற்றில், அதாவது காய் எடுப்பு தொடங்கும் நேரத்தில். ஐப்பசியில் காற்று தணிந்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். காற்றாலை இதற்கு முழு விடை அல்ல. விறகு மீண்டும் வளரும்தானே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். நிழல்மரங்களின் கிளையை ஆண்டுதோறும் கழித்தாகவேண்டும், அந்த விறகை வீணாக்கத் தேவையில்லை. சிக்கிமில் பெரிய ஏலக்காய்க்காக டெரி என்ற ஆற்றல் ஆய்வு நிறுவனம் விறகைப் புகையாக்காமல் வாயுவாக்கி எரிக்கும் உலர்த்திகளைக் கொண்டுவந்தது. மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்த இரவுகளுக்கு அத்தகைய அடுப்பு இங்கேயும் துணையாக இருக்கட்டும். கழித்த கிளையோடு நிற்கிற அளவுக்கு விறகுத் தேவையைக் குறைப்பதுதான் நோக்கம்.

மிஞ்சுவது முதலீடு. சொந்த ஸ்டோர் இல்லாத சிறு விவசாயி பிறர் ஸ்டோரில் கூலி கொடுத்துத்தான் காயவைக்கிறார். எந்திரத்துக்கான மானியம் தனி ஸ்டோர் உரிமையாளரிடம் மட்டும் போனால் விறகு குறையும், சிறு விவசாயி கொடுக்கும் கூலி குறையாது. உற்பத்தியாளர் குழுவின் பெயரில் ஒரு பொது ஸ்டோர், அதற்கு மழையிலும் நிற்கிற மும்முனை இணைப்பு, பழுதுபார்க்க ஆள் ஆகிய மூன்றுக்கும் நிதி ஒதுக்கவேண்டும். இவற்றில் கடைசியானது எளிது: போடியில் ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுதுபார்ப்பவர்களுக்கு அந்தக் கம்ப்ரசரும் சுருளும் ஏற்கெனவே பழக்கம்தான்.