உஷார்! கால் ஆணிதானே என்று பிளேடை எடுக்காதீர்கள்!

பாதத்தில் ஒரு கால் ஆணி. கட்டைவிரல் ஓரத்தில் சதைக்குள் குத்தும் நகம். உள்ளங்காலில் ஒரு மரு. "அஞ்சு நிமிஷ வேலை, இங்கேயே எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், கொஞ்சம் நில்லுங்கள்!

வேலை அஞ்சு நிமிஷம்தான், பொய்யில்லை. ஆனால் கத்தி வைப்பதற்கு முன்னால் உங்கள் காலைத் தொட்டுப் பார்த்தார்களா? சர்க்கரை உண்டா என்று கேட்டார்களா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்தார்களா? எதுவும் கேட்கவில்லையா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. இட்லிக் கடை வைத்திருந்தவர். விடிகாலையிலிருந்து அடுப்பு முன்னால் நின்றே பழகிய கால். சர்க்கரைக்குப் பல வருஷமாக மாத்திரை. சுண்டுவிரல் பக்கம் கால் ஆணி வந்தது. மருந்துக்கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டினார். வலி குறைந்துவிட்டது, "மருந்து நல்லா கேட்குது" என்று அதன் மேலேயே இன்னொன்றையும் ஒட்டினார். பிரித்துப் பார்த்தபோது தோல் வெள்ளையாக ஊறிப்போய், அதன் நடுவில் ஒரு குழி. மிச்சத்தை நெயில் கட்டரால் வெட்டினார். அப்புறம் தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டு, சுரண்டி எடுத்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அங்கே சர்க்கரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. காலில் ஆணி எடுப்பதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் சொல்லவில்லை.

சில வாரங்களில் சுண்டுவிரல் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கால் ஆணிக்காக!

எங்கே தப்பு நடந்தது தெரியுமா? கார்ன் கேப்பில் இருப்பது சாலிசிலிக் அமிலம், 40 சதவீதம் வரைக்கும். தடித்த தோலைக் கரைப்பதுதான் அதன் வேலை. எது ஆணி, எது நல்ல தோல் என்று அதற்குத் தெரியாது. உணர்ச்சி உள்ள கால் என்றால் எரியும், நாம் பிய்த்து எறிந்துவிடுவோம். சர்க்கரையால் நரம்பு மரத்த காலுக்கு எரிச்சலே தெரியாது. அந்த அம்மா குணம் என்று நினைத்தது, கால் மரத்துப்போனதைத்தான்.

வலி இல்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். பயப்படுங்கள்!

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்களை வருஷக்கணக்காகப் பார்த்துக் கண்டறிந்ததும் இதைத்தான். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாமல் படுகிற காயங்கள்தான் அவற்றை அழிக்கின்றன. சர்க்கரைக் காலுக்கும் அதே கதிதான். அதோடு ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால், கடுகளவு வெட்டுகூட ஆறாத புண்ணாகிவிடும்.

அதனால்தான் விவரம் தெரிந்த டாக்டர் முதலில் கத்தியை எடுக்க மாட்டார். ஒரு நைலான் இழையைப் பாதத்தில் ஆங்காங்கே அழுத்தி, "தெரிகிறதா?" என்று கேட்பார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தான கால். பாதத்தின் மேல்புறம் நாடி பிடித்துப் பார்ப்பார். நாடி சரியாகக் கிடைக்கவில்லையா, கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார். அந்த விகிதம் 0.9-க்குக் கீழே போனால் ரத்த ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். இவ்வளவும் பார்க்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. கேட்டு வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள்!

நகம் உள்ளே வளர்ந்திருந்தால் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் எடுத்து, அதன் வேரை ஃபீனால் வைத்துப் பொசுக்குவார்கள். நல்ல முறைதான். வேரை விட்டுவிட்டு நகத்தை மட்டும் பிடுங்கினால், பெரும்பாலும் அதே இடத்தில் மறுபடி குத்திக்கொண்டு வளரும். ஒன்றை மட்டும் கண்ணால் பாருங்கள். ரத்தம் வராமலிருக்க விரலின் அடியில் ரப்பர் பட்டை இறுக்குவார்கள். கட்டுப் போடுவதற்கு முன் அதை எடுத்தார்களா? விரல் மறுபடி சிவந்ததா? பட்டையைக் கட்டுக்குள்ளேயே மறந்து விட்டு, விரலையே இழந்தவர்கள் உண்டு. விரல் மரத்திருப்பதால் உங்களுக்குத் தெரியவே தெரியாது!

வீட்டு வைத்தியத்திலும் உஷார். மருவுக்குச் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைக்கிறார்களே, அது தோலை வெந்துபோக வைக்கும். மருவை ஆணி என்று நினைத்து வெட்டினாலும் ஆபத்து. அது வைரஸ், பக்கத்துத் தோலுக்குப் பரவும். பக்கவாட்டில் கிள்ளினால் வலித்து, உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் மரு. நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. ஆணியை எடுத்த பிறகும் அதே இறுக்கமான செருப்பைப் போட்டால் அது திரும்ப வரத்தான் செய்யும். செருப்பை மாற்றுங்கள்.

இவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள்!

சிகிச்சைக்குப் பின் விரல் வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, கறுத்தாலோ, தொட்டால் சில்லென்று இருந்தாலோ உடனே கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் சரி!

சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்தில் ஏறுகிறது, குளிர்க்காய்ச்சல் வருகிறது, சீழ் நாறுகிறது: அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஃபீனால் வைத்த இடத்தில் சில வாரம் லேசாக நீர் கசிவது சகஜம். நாற்றமும் பரவும் சிவப்பும் சகஜம் இல்லை.

சர்க்கரைக்காரர் வீட்டில் ஒரு நாள் விட்டு, ரெண்டு நாள் விட்டு என்று தள்ளவே கூடாது. கட்டின் மேல் ஈரம் தெரிந்தால்கூட அவிழ்த்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, நிறையப் பேருக்குத் தெரியாதது. அடிபடாமலே நகத்துக்கு அடியில் கறுப்புக் கோடு; நாளாக ஆக அகலமாகிறது, நகத்தை ஒட்டிய தோலிலும் கறுப்பு ஏறுகிறது. அதை ரத்தக்கட்டு என்று விட்டுவிடாதீர்கள். பாடகர் பாப் மார்லியின் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் 1977-ல் கண்டுபிடித்தது மெலனோமா என்ற தோல் புற்றுநோய். 1981-ல், 36 வயதில் இறந்துபோனார். இப்படி ஒரு கோடு இருந்தால் நகத்தைப் பிடுங்கி எறியச் சொல்லாதீர்கள். தோல் டாக்டரிடம் காட்டி, சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். நகச்சாயம் பூசியிருந்தால் இன்று இரவே துடைத்துவிட்டு, பத்து விரலையும் வெளிச்சத்தில் பாருங்கள்.