மாணவர்கள் திரட்டும் நிதியும் வெளிமாநிலத் தொழிலாளியின் இருமலும்



பள்ளிக்கூடத்தில் டீச்சர் கொடுத்த காசநோய் வில்லையை உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள். தபால்தலை மாதிரி சின்னதா இருக்கும், ஆனா தபாலுக்குச் செல்லாது. இன்றைக்கும் மாணவர்கள் சுகாதார விழிப்புணர்வுக்கு நிதி திரட்ட வருகிறார்கள். "மாத்திரைதான் இலவசமாச்சே, பணம் எதுக்கு?" என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பதிலைப் பார்ப்போம்.

வில்லை எப்படி வந்தது?

1904-ல் டென்மார்க் நாட்டில் ஐனார் ஹோல்பெல் என்ற தபால் ஊழியர், கிறிஸ்துமஸ் கடிதங்களில் ஒட்டுவதற்கு ஒரு சின்ன வில்லை விற்கலாம், அந்தப் பணத்தை காசநோய் வந்த குழந்தைகளுக்குச் செலவிடலாம் என்று யோசனை சொன்னார். முதல் வருஷமே 40 லட்சத்துக்கு மேல் விற்றது. இந்தியாவில் 1939-ல் தொடங்கிய இந்தியக் காசநோய்ச் சங்கம், 1950 முதல் வில்லை வெளியிட்டது. காந்தி ஜெயந்தி அன்று தொடங்கும் அந்த விற்பனை, பள்ளிப் பிள்ளைகள் மூலமா நம்ம வீடுகளுக்கும் வந்தது.

தாம்பரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நம்ம ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இதுதான் வைத்தியம். மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும்.

பிறகு மருந்து வந்தது. 1956-ல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் அமைந்தது. வீட்டில் இருந்தபடியே ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்களும், சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமானார்கள் என்பதை 1959-ல் அந்த மையம் எடுத்துக் காட்டியது. உலகமே அந்த வழிக்கு மாறியது. ஆனால் அதோடு, வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிட வைப்பது, தைரியம் சொல்வது, சாப்பாடு பார்த்துக்கொள்வது எல்லாம் வீட்டாரின் வேலையாகிவிட்டது.

வீடே இல்லாதவர் என்ன செய்வார்?

பெரும்பாக்கம், மேடவாக்கம், வண்டலூர் பக்கம் கட்டட வேலைக்கு பீகார், ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் காற்றோட்டம் இல்லாத ஒரே அறையில் பலபேராகத் தங்குகிறார்கள். இருமல் வந்தா யாரிடம் சொல்வது? ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா அன்றைய கூலி போச்சு. நோட்டீஸ் தமிழில் இருக்கு, அவருக்குப் படிக்கத் தெரியாது.

சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறின மாதிரி தெரியும். அந்த நேரத்தில் மேஸ்திரி வேறு சைட்டுக்கு அனுப்பிவிடுவார், மாத்திரை நின்றுவிடும். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பணியாமல் போகலாம். பிறகு வைத்தியம் கடினம், மற்றவர்களுக்கும் அதே கிருமிதான் பரவும்.

மாத்திரையை அரசு கொடுக்கிறது. ஆனா, "ஊர் மாறினாலும் மருந்து கிடைக்கும், நிறுத்தாதே" என்று அவருடைய மொழியில் சொல்ல ஆள் வேண்டும். இந்தி, ஒடியா, வங்காளத்தில் நோட்டீஸ், மொழி தெரிந்தவருக்குப் போக்குவரத்துச் செலவு, வேலை முடிந்த பிறகு மாலை நேர முகாம். மாணவர்கள் திரட்டும் நிதி இதுக்குத்தான் போக வேண்டும்.

நம்ம பிள்ளைகள் வளைகுடா நாட்டுக்குப் போகும்போது மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். அங்கே போய் நோய் வந்தால் தமிழில் ஆறுதல் சொல்ல ஒருத்தர் இருக்க மாட்டாரா என்று நாம் தவிப்போம். இங்கே வந்திருக்கும் பையனுடைய தாயும் அப்படித்தானே தவிப்பாள்?

நாம் என்ன செய்யலாம்?

1. நிதி கேட்டு வருபவர்களிடம் ரசீது கேளுங்கள். எந்தப் பகுதியில், எந்த மொழியில், என்ன வேலை என்று கேளுங்கள். நம்ம குழுவில் பத்து ரூபாய்க்கும் கணக்கு வைக்கிறோமே!

2. நோயாளியின் போட்டோவைக் காட்டி வசூல் செய்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

3. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, சளியில் ரத்தம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். அரசு நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம்.

4. ஊர் மாறுகிறவர் முன்கூட்டியே சுகாதார நிலையத்தில் சொல்லி, தன் நிக்ஷய் எண்ணை எடுத்துப் போகட்டும். போகும் ஊரில் மருந்தைத் தொடரலாம்.

5. நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018-ல் வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். பணம் வங்கிக் கணக்கில் வரும். கணக்கு இல்லாதவருக்குத் தொடங்க உதவுங்கள். வங்கி வேலை நமக்குப் பழக்கம்தானே.

6. வாடகைக்கு விடும் சகோதரிகளே, நோய் என்று தெரிந்ததும் அறையைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களில் பரவுவது வெகுவாகக் குறையும். துரத்தினால் மாத்திரை நிற்கும், நோய் அடுத்த தெருவுக்குப் போகும். அங்கே இருப்பதும் நம்ம குழுதான்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்த பிறகு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் எத்தனை அறைகளில் வெளிமாநிலத்தவர் இருக்கிறார்கள், அவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று எழுதி, பகுதி அளவிலான கூட்டமைப்பில் கொடுங்கள். மாணவர்கள் வரும்போது முதலில் எங்கே போக வேண்டும் என்று அந்தப் பட்டியலே சொல்லும். சந்தேகங்களுக்கு அரசின் இலவசத் தொலைபேசி எண்: 1800-11-6666.