மொரிஷியஸ்: 13-ஆம் இடமும் சாம்பல் பட்டியலும்

2020 கடைசியில் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். சின்ன மென்பொருள் கம்பெனி நடத்துகிறார். மொரிஷியஸில் பதிவான ஒரு முதலீட்டு நிதி, கம்பெனியில் கால் பங்கு கேட்கிறதாம். "அந்த நாடு ஏதோ சாம்பல் பட்டியல்ல இருக்காமே, பணம் வாங்கலாமா?" நாடுகளைப் பற்றிய எண்களை எக்செல்லில் சேர்த்து வைக்கும் என் கிறுக்கு அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். உலக வங்கி 2019 அக்டோபரில் வெளியிட்ட 'தொழில் செய்யும் எளிமை' தரவரிசையில் 190 நாடுகளில் மொரிஷியஸுக்கு 13-ஆம் இடம். இந்தியாவுக்கு 63. நாலே மாதத்தில், 2020 பிப்ரவரியில், கறுப்புப் பணப் புழக்கத்தைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பு அதே நாட்டைச் சாம்பல் பட்டியலில் போட்டது. நான் செய்த காரியம், இரண்டுக்கும் மார்க் போட்டு சராசரி எடுத்தது. 'மிதமான அபாயம்' என்று வந்தது. அனுப்பியும் விட்டேன். "இதை வச்சு நான் என்ன பண்ண?" என்றார். நியாயமான கேள்விதான்.

சாம்பல் பட்டியல் என்றால் அந்த நாடு முழுக்கத் திருட்டுப் பணம் என்று அர்த்தமில்லை. எஃப்.ஏ.டி.எஃப். இரண்டு விதமாக அளக்கிறது: 40 பரிந்துரைகளுக்கு ஏற்ற சட்டம் இருக்கிறதா, 11 இலக்குகளில் அது நடைமுறையில் வேலை செய்கிறதா. நம்ம பாஷையில் சொன்னால், கோடு எழுதியாச்சா, புரொடக்‌ஷனில் ஓடுகிறதா. மொரிஷியஸிடம் கேட்டவை பெரும்பாலும் இரண்டாம் வகை. வெளிநாட்டு வணிகத்துக்கான கம்பெனிகளை அபாயத்துக்கு ஏற்ப மேற்பார்வை செய்கிறீர்களா? ஒரு கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யாரென்று அதிகாரிகளுக்கு உடனே தெரியவருமா? சிக்கலான வழக்குகளில் பணத்தின் தடத்தைப் பிடிக்க போலீஸால் முடியுமா?

உலக வங்கி அளந்தது வேறு: கம்பெனி தொடங்க எத்தனை படி, எத்தனை நாள், எவ்வளவு செலவு. அதுவும் உள்ளூர்க் கம்பெனியை வைத்து. கதவு எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது என்பது ஒரு எண்; உள்ளே போவது யாரென்று வாட்ச்மேனுக்குத் தெரியுமா என்பது இன்னொன்று. இதைப் போய் சராசரி எடுத்திருக்கிறேன்!

இந்தியாவுக்கு வரும் பணம் ஏன் அந்தக் கதவு வழியாக வந்தது என்பதற்குக் காரணம் வரி. 1983-இல் அமலுக்கு வந்த ஒப்பந்தப்படி, மொரிஷியஸ் கம்பெனி இந்தியப் பங்கை விற்றுச் சம்பாதித்தால் வரி அங்கேதான். அங்கே மூலதன ஆதாய வரியே கிடையாது. 2016-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு இந்தியாவில் வரி வந்தது. ஆக, போர்ட் லூயிஸ் முகவரி இருப்பது குற்றத்தின் அடையாளமில்லை. ஆனால் உண்மையான முதலாளி ஊரில் இல்லாத வீடு அது.

பட்டியலின் விளைவு சின்னதில்லை. சாம்பல் பட்டியலில் விழும் நாட்டுக்கு வரும் மூலதனம், சராசரியாக அதன் ஜி.டி.பி.யில் 7.6 சதவீத அளவுக்குக் குறைகிறது என்று 2021-இல் ஐ.எம்.எஃப். ஆய்வறிக்கை ஒன்று கணக்கிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, இப்படிப்பட்ட நாடுகளிலிருந்து புதிதாக வரும் முதலீட்டாளர்கள் வங்கி சாரா நிதி நிறுவனங்களில் கணிசமான செல்வாக்குப் பெறுவதைத் தடுத்தது. நண்பர் ஃபைனான்ஸ் கம்பெனி நடத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எக்செல்லை மூடிவிட்டு, நிதியிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: உங்கள் வழியாக இந்தக் கம்பெனியில் 10 சதவீதமோ அதற்கு மேலோ கடைசியில் எந்த மனிதருக்குச் சேருகிறது? நம்ம கம்பெனிச் சட்டப்படி அதை நண்பரே பதிவு செய்தாக வேண்டும். முதல் பதிலில் வந்தது வேறொரு தீவிலிருக்கும் கம்பெனியின் பெயர். திரும்பக் கேட்டார். மூன்றாவது மெயிலுக்குத்தான் மனிதர்களின் பெயர்கள் வந்தன. அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.

2021 செப்டம்பரில் உலக வங்கி, தரவுகளில் முறைகேடு என்று அந்தத் தரவரிசையையே நிறுத்தியது. அக்டோபரில் மொரிஷியஸ் சாம்பல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. நண்பர் மறுபடி போன் பண்ணினார்: "இப்ப உன் எக்செல்ல என்ன கலர்?" சராசரி போட்ட அந்தக் காலத்தை எப்போதோ அழித்துவிட்டேன் என்றேன்.