ஓசூர்க்காரர் படித்தார்; ஈரோட்டுக்காரர் எரித்தார்!

அரசியல் சட்டத்தில் மோதிய இரண்டு நண்பர்கள்

சிப்காட் கம்பெனி பஸ்கள் பறக்கும் ஓசூரிலிருந்து சில மைல் போனால் தொரப்பள்ளி கிராமம். அங்கே ஒரு பழைய வீடு. 1878-ல் ராஜாஜி பிறந்த வீடு அது. இப்போது நினைவு இல்லம்.

இந்த ஊர்ப் பிள்ளைதான் 1950 ஜனவரி 26-ந்தேதி காலை டெல்லியில் இந்தியா குடியரசு ஆகிவிட்டது என்ற பிரகடனத்தைப் படித்தவர். அப்போது மணி 10.18. கவர்னர் ஜெனரலாக அவருக்கு அதுவே கடைசி வேலை. 6 நிமிடம் கழித்து ராஜேந்திர பிரசாத் ஜனாதிபதி ஆனார். புது அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது.

அதே நாளில் அவருடைய நெடுநாள் நண்பர் பெரியார் என்ன செய்தார் தெரியுமா?

துக்க நாள் என்று அறிவித்தார்!

ஏன் துக்கம்?

காரணம் இல்லாமல் இல்லை. சட்டம் எழுதிய சபைக்கு ஜனங்கள் நேராக ஓட்டுப் போடவில்லை. மாகாண சட்டசபைக்காரர்கள் 1946-ல் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அந்தச் சட்டசபைக்கும் சொத்து, படிப்பு உள்ளவர்களுக்குத்தான் பெரும்பாலும் ஓட்டு. அன்றாடங்காய்ச்சிக்கு ஏது?

17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் சாதியை ஒழிக்கவில்லை, மத உரிமை என்ற பேரில் காப்பாற்றுகிறது என்றார் பெரியார்.

கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும்கூட எதிர்த்தார்கள். 1949 நவம்பர் 25-ந்தேதி அம்பேத்கர் இந்த இரு கட்சிகளின் பேரையும் சொல்லியே சபையில் பதில் கொடுத்தார். சட்டம் நல்லதாவதும் கெட்டதாவதும் நடத்துகிறவர்கள் கையில் என்பது அவர் கட்சி.

தீக்குச்சிக்கு 3 வருஷம்

1957 நவம்பர் 26-ந்தேதி. சட்டம் நிறைவேறிய அதே தேதி. சாதியைக் காக்கும் பிரிவுகள் என்று சொல்லி, அவற்றைப் பெரியார் தொண்டர்கள் கொளுத்தினார்கள். இதைத் தடுக்க முன்கூட்டியே காமராஜ் சர்க்கார் அவசரமாக ஒரு சட்டம் போட்டிருந்தது. 3 வருஷம் வரை ஜெயில்!

ஆயிரக்கணக்கில் பிடிபட்டார்கள். உள்ளேயே உயிரை விட்டவர்களும் உண்டு. எரிந்தது என்னவோ அச்சடித்த காகிதம்தான்.

அரபிக் கடலில் போடு!

வேடிக்கை இதற்கு அப்புறம்தான். 15 வருஷம் கழித்து, 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்பது சட்டத்தின் 17-வது பாகம் வைத்த கெடு. அந்தப் பாகத்தை எரிக்கக் கிளம்பிய அண்ணாவுக்கு 1963-ல் 6 மாதம் தண்டனை கிடைத்தது.

கெடு நெருங்கிய 1965 ஜனவரியில் திருச்சியில் மாநாடு. 17-வது பாகத்தைத் தூக்கி அரபிக் கடலில் எறிய வேண்டும் என்று ஒருவர் முழங்கினார்.

யார் அவர்? பிரகடனம் படித்த அதே ராஜாஜிதான்!

அந்த வருஷப் போராட்டத்தைக் கண்டித்தவர் யார்? பெரியார்! ஆள் இடம் மாறிவிட்டார்கள்.

கொளுத்தினால்தான் ஜெயில், கடலில் போடச் சொன்னால் ஒன்றுமில்லை போலிருக்கிறது. 1986-ல் தி.மு.க.வினர் மறுபடி கொளுத்தினார்கள். அன்பழகன் உள்பட 10 எம்.எல்.ஏ.க்களின் பதவி பறிபோனது.

ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாமே புழங்குகிறது. நாலும் முதல் நாளிலேயே சட்டத்தின் 8-வது அட்டவணையில் ஏறிய 14 மொழிகளில் சேர்ந்தவை. வடக்கே இருந்து சிப்காட்டுக்கு வேலைக்கு வந்தவர்களால் இப்போது டீக்கடையில் இந்தியும் கேட்கிறது. 17-வது பாகம் இன்னும் புத்தகத்தில்தான் இருக்கிறது. யாரும் கடலில் போடவில்லை.