திறந்து பார்க்கக் கூடாத கொப்பி



'நான் யார்? இறைவன் என் மன்றாட்டைக் கேட்கின்றாரா?' வளரிளம் பருவத்து மகன் இவ்வினாக்களை எவரிடமும் கேட்கத் துணிவதில்லை. அவனுக்கு ஒரு கொப்பியைக் கொடுங்கள்.

இத்தாலியக் கமக்காரர் ஒருவரின் மகன், 1895ஆம் ஆண்டு, தமது 14ஆவது வயதில், பெர்கமோ குருமடத்தில் ஆன்மீக நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். தம் குறைகளையும் மறைக்காது எழுதினார். பாப்பரசரான பின்னரும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. அவரே புனித 23ஆம் யோவான். அக்குறிப்புகள் நூலாக வெளிவந்தது அவரது மறைவுக்குப் பின், 1964இலேயே.

உங்கள் மகனும் இரவுச் செபத்தின் பின் மூன்று வரிகள் எழுதட்டும்: எதற்கு நன்றி? எதில் தவறினேன்? எது விளங்கவில்லை? ஐயத்தை இறைவன்முன் எழுதி வைப்பதும் செபமே.

ஆனால், அக்கொப்பியை நீங்கள் திறவாதீர்கள். பிறர் படிப்பார் என்று அஞ்சும் பிள்ளை உண்மையை எழுதமாட்டான். அதனை வாசிக்க விண்ணகத் தந்தை இருக்கின்றார்.