ஏ.சி.க்குள்ளே ஓடும் தண்ணீர்
(11-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு)



ஏ.சி. என்றால் நம் திருவொற்றியூர் பக்கம் ஜன்னலில் ஒழுகும் பெட்டிதான் ஞாபகம் வரும். பெரிய கட்டடங்களில் அப்படி இல்லை. என் சித்தப்பா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் ஏ.சி. பிளான்ட் ஆபரேட்டர். லீவில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

கீழ்த்தளத்தில் 'சில்லர்' என்ற இயந்திரம் தண்ணீரைச் சுமார் 7 டிகிரிக்குக் குளிர வைக்கிறது. பம்பு அதை எல்லா மாடிக்கும் தள்ளுகிறது. அறைகளின் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் 12 டிகிரியில் திரும்புகிறது. "காத்தையே அனுப்பலாமே, எதுக்கு சித்தப்பா தண்ணி?" என்று கேட்டேன். அதே கன அளவு காற்றைவிடத் தண்ணீர் 3,000 மடங்குக்கு மேல் சூட்டைச் சுமக்குமாம்! காற்றுக்கு ஆள் நுழையும் குழாய் வேண்டும் என்றால், தண்ணீருக்குக் கை நுழையும் குழாய் போதும்.

பம்பில்தான் விஷயமே இருக்கு. வேகத்தைப் பாதியாக்கினால் கரண்ட் செலவு பாதியாகாது, ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும் (½ × ½ × ½, நம்ம கணக்குதான்). ஆள் குறைந்த நேரத்தில் பம்பைத் தானாக மெதுவாக்கும் கருவி அங்கேயும் இருந்தது. ஆனால் யாரோ முழு வேகத்திலேயே ஓடவிட்டிருந்தார்கள். தண்ணீர் 9 டிகிரியிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. சூட்டை வாங்காமலே சும்மா ஊர் சுற்றி வந்திருக்கு! சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு மொட்டைமாடிக்குப் போனோம். அங்கே 'கூலிங் டவர்' கொஞ்சம் தண்ணீரை ஆவியாக்கி, அந்தச் சூட்டை வெளியே விடுகிறது. காசிமேட்டில் படகில் ஏற்றும் ஐஸ் பார்த்திருப்பீர்கள். சுமார் 907 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகி இழுக்கும் சூடுதான் ஏ.சி.காரர்கள் சொல்லும் '1 டன்'. ஒரு டன்னுக்கு மணிக்குச் சுமார் 6 லிட்டர் ஆவியாகும். 500 டன் பிளான்ட் என்றால் 3,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 200 குடம், ஒரே மணி நேரத்தில்!

2019 கோடையில் புழல் ஏரி வற்றியபோது அம்மா லாரிக்காகக் குடத்தோடு நின்றது எனக்கு நினைவிருக்கு. அதே 2019-இல்தான் கொடுங்கையூரில் கழிவுநீரை நன்றாகச் சுத்திகரித்து, மணலி பக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் வந்தது. நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கொள்திறன். சிரிக்காதீர்கள், நம் பாத்ரூம் தண்ணிதான்! கூலிங் டவருக்கு அது தாராளமாகப் போதும்.

"உங்க கட்டடத்துக்கு அந்தத் தண்ணி வருதா?" என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

"இன்னும் லாரித் தண்ணிதான்டா" என்றார்.